சித்தப்பாவின் மூன்று குரல்

கேள்வி: லண்டன் சித்தப்பா, தான் சின்ன வயதில் கொமடோர் 64 கணினியில் கேட்ட விளையாட்டுப் பாட்டுகளைத் திரும்பக் கேட்க ஏங்குகிறார். என்னிடம் மடிக்கணினி மட்டும்தான். அது பாடுமா?
– நெடுந்தீவு வாசகர்

பதில்: நன்றாகவே பாடும்! அவை ஒலிப்பதிவுகள் அல்ல; 'சிட்' என்ற ஒலிச் சில்லுக்கு எழுதிய கட்டளைகள். சுரக்குறிப்பு கையில் இருக்கிறது, நாதஸ்வரக்காரர்தான் இல்லை. அவருடைய இடத்தில் வந்து உட்காருவதுதான் 'சிட்பிளே' போன்ற மென்பொருள். பாட்டு ஒவ்வொன்றும் சில கிலோபைட்தான். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும், குறிகட்டுவானில் படகு வருவதற்குள் ஒரு கச்சேரிக்குத் தேவையானது இறங்கிவிடும்.

பொப் யான்னஸ் வடிவமைத்து, 1982இல் வந்த அந்தச் சில்லுக்கு மூன்றே குரல். றொப் ஹபார்ட், மார்ட்டின் கால்வே போன்ற விளையாட்டு இசையமைப்பாளர்கள் ஒரே குரலில் சுரங்களை விநாடிக்கு 50 தடவை மாற்றி மாற்றி ஓட்டி, பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதாகக் காதை நம்பவைத்தார்கள். எனக்கு இன்றைக்கும் மலைப்புத்தான்.

அந்தச் சில்லில் இரண்டு வகை உண்டு; ஆகவே சித்தப்பாவின் கணினி எந்த ஆண்டையது என்று கேளுங்கள். ஆரம்ப காலத்தது என்றால் மென்பொருளில் 6581 சில்லைத் தெரிவு செய்யுங்கள். எண்பதுகளின் கடைசியில் வந்ததென்றால் 8580. மாற்றிப் போட்டால் ஒலியின் நிறமே மாறிவிடும், சித்தப்பா உடனே பிடித்துவிடுவார்.