மைசெல்ஃபுக்கு எங்கே இடம்?

கேள்வி: நேர்முகத் தேர்வில் 'மைசெல்ஃப் ஃப்ரம் திண்டுக்கல்' என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்தவர் சிரித்தார். என்ன தப்பு?
– வாசகர், நாகல்நகர், திண்டுக்கல்

பதில்: அவரும் தன் முதல் இன்டர்வியூவில் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார், விடுங்கள்! 'மைசெல்ஃப்' தனியாக முன்னால் வந்து நிற்காது. முதலில் 'ஐ' வந்து ஒரு காரியம் செய்ய வேண்டும். அது அந்த 'ஐ'யின் தலையிலேயே விடிந்தால் மைசெல்ஃபுக்கு அழைப்பு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஊர்ப் பூட்டை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு, சாவியை ஜன்னல் வழியே நழுவவிட்டால், 'ஐ லாக்டு மைசெல்ஃப் இன்' என்று தாராளமாகக் கத்தலாம். (தமிழில் 'மாட்டிக்கொண்டேன்' என்றாலே முடிந்தது, அந்தக் 'கொண்டேன்' பார்க்கிற வேலைதான் இது.) 'நானே பார்த்தேன்' என்று அழுத்திச் சொல்ல 'ஐ மைசெல்ஃப்' என்பதும் சரியே. அடுத்த தேர்வில் 'ஐ ஆம்' போட்டுப் பெயரைச் சொல்லுங்கள், போதும்.