பத்தாவது வட்டார அலுவலகம் வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: குழந்தைகுட்டிகளோடு படம் பார்க்கும் பெற்றோர், கொல்லங்கோடு, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்: தலைவர், மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம், மும்பை.

பொருள்: பெற்றோரின் உள்ளங்கையை வாரியத்தின் பத்தாவது வட்டார அலுவலகமாக அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைக் கடந்து பாலக்காட்டு வயல்வெளிக்குள் நுழையும் சாலையில், தென்மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள கொல்லங்கோடு, வருவாய்த்துறைப் பதிவேட்டின்படி கேரளத்தையும், படம் பார்க்கும் பழக்கத்தின்படி இரு மாநிலங்களையும் சேர்ந்த ஊராகும். இவ்வூர்த் தமிழ்க் குடும்பம் பார்க்கும் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் வாரியத்தின் சென்னை அலுவலகத்திலும், மலையாளப் படங்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம் அலுவலகத்திலும் சான்று பெறுகின்றன; அவற்றைத் திரையிடும் கொட்டகையோ கேரளத்தின் 1958ஆம் ஆண்டுத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடக்கிறது. இத்தனை அதிகாரங்களின் காவலில் இருந்தும், இரவு இரண்டாம் ஆட்டத்தில், வயது வந்தோருக்கு மட்டுமென்று முத்திரையிடப்பட்ட படத்தின் நடுவே, தந்தையின் மடியில் அமர்ந்து நான்கு வயதுக் குழந்தையொன்று முறுக்கு தின்றுகொண்டிருப்பது எவ்வாறு சாத்தியமாகிறது என்ற ஐயம் வாரியத்துக்கு எழக்கூடும் என்பதால், அதற்கான விளக்கமும் ஒரு சிறு கோரிக்கையும் இவ்விண்ணப்பத்தில் சமர்ப்பிக்கப்படுகின்றன.

சட்டத்தின் நிலையை முதலில் நினைவூட்டுவது முறையாகும். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி ‘யு’ என்பது எவரும் பார்க்கத்தக்க படத்துக்கும், ‘ஏ’ என்பது 18 வயது நிரம்பியோர் மட்டுமே பார்க்கத்தக்க படத்துக்கும் தரப்படும் சான்று. இவ்விரண்டுக்கும் இடையில் 1983இல் வந்து சேர்ந்த ‘யுஏ’ என்பது, 12 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று கூறியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அந்த நடுப்பிரிவு 7, 13, 16 ஆகிய வயதுகளை எல்லையாகக் கொண்டு மூன்றாகப் பிளக்கப்பட்டது என்றாலும், அம்மூன்றும் பெற்றோர் கருதிப் பார்ப்பதற்கான குறிப்புகளே தவிர வாசலில் தடுத்து நிறுத்தும் கட்டளைகள் அல்ல. தடை என்று சொல்லத்தக்கது ‘ஏ’ ஒன்றுதான். அதை மீறி வயது வராதவருக்குப் படம் காட்டுபவரைத் தண்டிக்கச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இடமளிக்கிறது. காட்டுபவரைப் பற்றிக் கடுமையாகப் பேசும் அப்பிரிவு, குழந்தையின் கையைப் பிடித்து அழைத்து வந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டிருப்பது, பெற்றோரின் மீது நாடாளுமன்றம் வைத்த நம்பிக்கையின் அடையாளமாகக் கொல்லங்கோட்டில் நன்றியோடு ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாக நடந்துகொள்வதற்கென்று பெற்றோர் கைக்கொண்டுள்ள ஏற்பாடே உள்ளங்கைத் தணிக்கையாகும். தகாத காட்சி வரப்போகிறது என்று தோன்றும் கணத்தில் தாயோ தந்தையோ தம் கையால் குழந்தையின் கண்களைப் பொத்தி, காட்சி கடந்ததும் கையை எடுத்துவிடும் முறை இப்பெயரால் குறிக்கப்படுகிறது. இதற்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, ஆய்வுக்குழு இல்லை, மறுஆய்வுக்குழு இல்லை, வெட்டப்பட்ட பகுதி எத்தனை நொடி என்று பட்டியலிட வேண்டிய அவசியமும் இல்லை. குறைகள் சில உண்டென்பதை மறைப்பது நேர்மையாகாது. படத்தை முன்னரே பார்த்திராத கை எப்போதும் காட்சி தொடங்கிய பின்னரே எழுகிறது; விரல்களுக்கு இடைவெளி உண்டு; கண்களை மூட ஒரு கை போதுமென்றால் காதுகளை மூட இரண்டு கைகள் வேண்டும், அவற்றில் ஒன்றில் பாப்கார்ன் இருக்கிறது; ஆகவே எலும்பு முறியும் ஓசை, அரங்கின் நாற்புறமும் பதித்த ஒலிபெருக்கிகளின் வழியே, எவ்விதத் தணிக்கையுமின்றிக் குழந்தையைச் சென்றடைகிறது.

இவற்றைவிட ஆய்வுக்குரியது, அந்தக் கை எதற்கு எழுகிறது, எதற்கு எழுவதில்லை என்பதாகும். நாயகனும் நாயகியும் ஓரடி இடைவெளிக்குள் நெருங்கினாலே போதும், அரங்கு முழுவதும் கைகள் உயர்ந்து குழந்தைகளின் கண்களில் படிகின்றன. இரண்டு உதடுகள் சந்திப்பதற்குள் ஒரு தலைமுறையின் கற்பு காப்பாற்றப்பட்டுவிடுகிறது. அதே திரையில் அரிவாள் உயரும்போது அந்தக் கைகளில் ஒன்றும் அசைவதில்லை என்பது மட்டுமன்று, உறங்கத் தொடங்கிய குழந்தையைத் தட்டி எழுப்பி, தலைவர் வெட்டுவதைப் பார் என்று சுட்டிக்காட்டும் விரலும் அதே கையைச் சேர்ந்ததாகவே இருக்கிறது. ஒருவரை ஒருவர் விரும்புவது பிள்ளைகள் அறியக் கூடாத இரகசியமென்றும், ஒருவரை ஒருவர் கொல்வது பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய பொது அறிவென்றும் கொள்ளும் இந்த அளவுகோல் எங்கும் எழுதப்படவில்லை. எனினும் வாரியத்தின் வழிகாட்டு நெறிகளைவிட ஒரே சீராக, வாளையார் முதல் தேவிகுளம்வரை, இரு மொழிக் குடும்பங்களாலும் பின்பற்றப்படுகிறது. ரத்தத்துக்காக ‘ஏ’ பெற்ற படங்களைப் பெற்றோர் புரிந்துகொள்ளத் திணறுவதன் காரணமும் இதுவேயாகும். முத்தமே இல்லாத படத்துக்கு ‘ஏ’ எதற்கு என்ற கேள்விக்கு வாரியம் இன்றுவரை திருப்தியான விடை அளிக்கவில்லை.

2024 டிசம்பரில் வெளிவந்த ‘மார்கோ’ என்னும் மலையாளப் படமும், 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளிவந்த ரஜினிகாந்தின் ‘கூலி’யும் அவ்வகையில் ‘ஏ’ பெற்றவை. முன்னதைத் தொலைக்காட்சிக்கு ஏற்ற வகையில் மாற்றித்தர வாரியம் மறுத்தது. பின்னதற்கு ‘யுஏ’ தர வேண்டுமென்று தயாரிப்பு நிறுவனம் தொடுத்த வழக்கை, அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ‘கூலி’ கேரளத்தில் காலை 6 மணிக்கும் தமிழ்நாட்டில் 9 மணிக்கும் தொடங்கியது. 2023 அக்டோபரில் ‘லியோ’வுக்கு இக்கரையில் அதிகாலை 4 மணிக் காட்சியே கிடைத்தது என்பதும், அவ்விரவில் தமிழ்நாட்டு ரசிகர்களின் வண்டிகள் எல்லை தாண்டிப் பாலக்காட்டை நோக்கி ஓடின என்பதும் எல்லைக்கு இப்பாலுள்ளோர் நன்கு அறிந்தவை. நள்ளிரவில் எழுப்பப்பட்டுத் தோளில் தூங்கியபடியே மாநிலம் கடந்து வரும் குழந்தையைச் சோதனைச் சாவடியில் எவரும் கேள்வி கேட்பதில்லை. அங்கே நிறுத்தப்படுவது சரக்கு லாரிகளே. காலை 11 மணிக்கு முன்னும் இரவு 11 மணிக்குப் பின்னும் 16 வயதுக்குட்பட்டோரைத் திரையரங்குக்குள் விடக் கூடாதென்று 2025 ஜனவரியில் தெலங்கானா உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை சில வாரங்களிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டதால், அந்த அபாயமும் கொல்லங்கோட்டை நெருங்காமலேயே நீங்கிவிட்டது.

சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சரியாகப் பதினான்கு நாள் கழித்து, செப்டம்பர் 11 அன்று, ‘கூலி’ இணையவழித் தளத்தில் வெளியாகி எல்லார் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. இணையத் தளங்கள் வயதுக் குறிப்பும் பெற்றோர் பூட்டும் தர வேண்டுமென 2021ஆம் ஆண்டின் விதிகள் கூறுவது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டின் கடவு எண்ணைத் தந்தைக்கு அமைத்துக் கொடுப்பவர், பெரும்பாலான வீடுகளில், யாரைத் தடுக்கப் பூட்டு வாங்கப்பட்டதோ அந்தப் பிள்ளைதான்.

திரையரங்குகள் சட்டத்தை மறந்துவிட்டன என்று சொல்வது அவதூறாகும். தேவைப்படும் இடத்தில் சட்டத்தில் இல்லாததைக்கூட அவை நினைவில் வைத்திருக்கின்றன. 2023 மார்ச் 30 அன்று, சென்னைக் கோயம்பேட்டின் ரோகிணி திரையரங்கில், ‘பத்து தல’ படத்துக்குக் கையில் சீட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பம் வாசலில் நிறுத்தப்பட்டது. அக்காட்சி நாடெங்கும் பரவிய பின், அது ‘யுஏ’ படமென்றும் 12 வயதுக்குட்பட்டோரைச் சட்டப்படி அனுமதிக்க இயலாதென்றும் அரங்கத் தரப்பு விளக்கம் தந்தது. பெற்றோரோடு வரும் பிள்ளையை ‘யுஏ’ தடுப்பதில்லை என்பது மேலே விளக்கப்பட்டது. பிற நாள்களில், பிற குடும்பங்களுக்கு முன், நினைவுக்கு வராத விதி அன்று அந்தக் குடும்பத்தின் முன் மட்டும் நினைவுக்கு வந்ததில் உள்ள பொருளை வாரியம் அறியும். கொல்லங்கோட்டுப் பெற்றோரில் கால்சட்டை மடிப்புக் கலையாதவர்கள் வயதுச் சான்று கேட்கப்பட்டதாக எந்தப் பதிவும் இல்லை.

பிள்ளையின் வயதென்பது இடத்துக்கேற்ப மாறும் அளவு என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும். பேருந்தில் அது ஐந்து நிரம்பாதது. பள்ளிச் சேர்க்கையின்போது உரிய வயது நிரம்பியது. ‘ஏ’ படத்தின் வாசலில் எதையும் புரிந்துகொள்ளாத கைக்குழந்தை. அதே படத்தின் சண்டைக்காட்சியை மறுநாள் பள்ளியில் நடித்துக் காட்டும்போது வயதுக்கு மீறிய அறிவுடையது.

வரலாறும் பெற்றோரின் குழப்பத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். தமிழில் ‘ஏ’ பெற்ற முதல் படமாகக் கூறப்படும் ‘மர்மயோகி’ 1951இல் அச்சான்றைப் பெற்றது ஒரு பேயின் பொருட்டு. அப்பேயும் உண்மையில் பேயன்று, இறந்ததாகக் கருதப்பட்ட அரசனே என்று கதை தெளிவாக்குகிறது. செத்துப்போகாத மனிதருக்காக அன்று வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைகளின் பேரப்பிள்ளைகள், செத்து விழும் மனிதர்களை எண்ணக் கற்றுக்கொள்ளும் காலம் இது. இடையில் 2011 முதல், ‘யு’ பெற்ற தமிழ்ப் படங்களுக்கே கேளிக்கை வரி விலக்கு என்று தமிழ்நாட்டு அரசு நிபந்தனை விதித்ததால், 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை, தயாரிப்பாளர்கள் அந்த ஓரெழுத்துக்காகத் தவம் கிடந்தனர். வரியைக் கணக்கிடும் கருவியாக மாறிய எழுத்தைக் குழந்தையைக் காக்கும் கருவியாகப் பெற்றோர் படிக்கவில்லை என்று குறைகூறுவது எவ்வளவு நியாயம்?

வெளிநாடுகளிலும் இதற்கு ஒருமித்த தீர்வு இல்லை. பிரிட்டனில் 18 என்று குறிக்கப்பட்ட படத்துக்குப் பெற்றோரே உடன் வந்தாலும் சிறுவர் உள்ளே செல்ல முடியாது. அமெரிக்காவில் ‘ஆர்’ என்று குறிக்கப்பட்ட படத்துக்குப் பெற்றோர் உடனிருந்தால் தொட்டிற்குழந்தையும் போகலாம். பிரிட்டனின் சட்டத்தை எழுதிவைத்துக்கொண்டு அமெரிக்காவின் வழக்கத்தில் படம் பார்க்கும் பெருமை இந்தியாவுக்கு உரியது.

இக்காரணங்களால், மும்பை, சென்னை, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஒன்பது வட்டார அலுவலகங்களோடு பெற்றோரின் உள்ளங்கையையும் பத்தாவதாகச் சேர்த்து, நடைமுறையில் அது செய்துவரும் பணியை முறைப்படுத்த வேண்டுமென்று கோரப்படுகிறது. அவ்வாறு சேர்க்கும்போது, முத்தத்துக்கு எழும் வேகத்தில் பாதியேனும் வெட்டுக்குத்துக்கு எழுவதற்கான பயிற்சியை அந்த அலுவலகத்துக்கு வாரியமே வழங்க முன்வரலாம். சான்றிதழ் திரையில் தோன்றுவது சீட்டுகள் கிழிக்கப்பட்டு, விளக்குகள் அணைந்து, முதல் விசில் பறந்த பின்னர் என்பதால், அதைப் படித்துத் திருந்தி வீடு திரும்ப நினைக்கும் பெற்றோருக்குப் பணத்தைத் திருப்பித்தரும் வழியையும் ஆராயலாம். அத்தகைய பெற்றோர் எவரேனும் முன்வரும்வரை இதனால் செலவு ஏதும் ஏற்படாது. திரையில் புகைப்பிடிக்கும் காட்சி வரும்போதெல்லாம் அடியில் எச்சரிக்கை வாசகம் ஓடுவது நடைமுறையில் உள்ளது போல, கத்தி எடுக்கும் காட்சிகளில் ‘தங்கள் மடியில் குழந்தை உள்ளது’ என்ற வாசகம் தமிழிலும் மலையாளத்திலும் தெரியும்படி ஆணையிடலாம். அந்தச் செய்தி அரங்கில் பலருக்குப் புதியதாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கொல்லங்கோட்டுப் பெற்றோர்.

இணைப்பு: ‘ஏ’ படமொன்றின் இரண்டாம் ஆட்டச் சீட்டுகள் மூன்று; மூன்று வயது நிரம்பிய குழந்தைக்கும் தனிச் சீட்டு கட்டாயம் என்ற பல்திரை அரங்க விதியின்படி வாங்கப்பட்டமையால், மூன்றாவது சீட்டுக்கும் முழுக் கட்டணமே செலுத்தப்பட்டுள்ளது.