மாவு புளிக்காத வண்டி

போன வருஷம் 2007 மாடல் எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். பெட்ரோல், ஆட்டோமேட்டிக், நான் தேர்ட் ஓனர். சாவியைக் கொடுக்கும்போது விற்றவருக்குக் கண் கலங்கியது. பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சிக்னலிலேயே வண்டி தன் சுயரூபத்தைக் காட்டியது. ஆர்பிஎம் முள் 700-ல் நிற்க வேண்டும். இது 500-க்குச் சரிந்து அணையப் பார்த்தது, திடுக்கிட்டு விழித்து 1,500-க்கு எகிறியது, மறுபடி சரிந்தது. பக்கத்தில் நின்ற பைக்காரர், நான் ரேஸுக்குக் கூப்பிடுகிறேன் என்று ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து "ஐட்லிங் சரியில்ல" என்றேன். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "மாவு புளிக்கலைன்னா அப்படித்தான்" என்றார். அம்மா திருஷ்டி என்று முடிவுகட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மச்சான் ஸ்பார்க் பிளக் என்றான், மாற்றினேன். நண்பன் த்ராட்டில் பாடியில் கார்பன் என்றான்; தேய்த்துக் கழுவினேன். இவற்றில் எலுமிச்சம்பழ வைத்தியத்துக்குத்தான் செலவு குறைவு. பலன் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பிறகு ஒரு ஸ்கேனர் வாங்கிச் செருகினேன். பி0171 என்று காட்டியது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தக் கணக்கில் காற்று மிஞ்சிப் போயிருக்கிறது என்று அர்த்தம். சைலன்சர் குழாயில் உட்கார்ந்து இதை மோப்பம் பிடித்துச் சொல்வது ஆக்சிஜன் சென்சார். உடனே அந்தச் சென்சாரை மாற்றினேன். துக்கச் செய்தி கொண்டுவந்ததற்காகத் தந்திக்காரரை வேலையைவிட்டுத் தூக்கியது மாதிரி.

இதற்குள் கியரும் சேர்ந்துகொண்டது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நேரத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டிக்கு வேகம் ஏறாது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி ஒரு தள்ளு. விற்றவரின் கலங்கிய கண்களை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

கடைசியில் பாயிடம் போனேன். முப்பது வருஷமாக ஆட்டோமேட்டிக் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவர். அவர் என் ஸ்கேனரையே வாங்கி, நான் எட்டிப் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தார். ஃப்யூயல் டிரிம். வண்டி சும்மா நிற்கையில் 22 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தது. 2,500 வரை முறுக்கினால் அதுவே 4.

"திருட்டுக் காத்து சார்" என்றார். "முன்னாடி இருக்கிற சென்சார் டிக்கெட் கிழிக்கிற ஆளு மாதிரி. பின்சுவர் ஏறிக் குதிச்சு வர்றவன் அவன் கணக்குல வரமாட்டான். சும்மா நிக்கிறப்ப கொட்டகைல பத்து பேர்தான், திருடன் பளிச்சுன்னு தெரிவான். முறுக்கினா ஹவுஸ்ஃபுல். கூட்டத்துல காணாமப் போயிருவான்."

சுவர் எங்கே இடிந்திருக்கிறது என்று பார்க்க, எஞ்சினை அணைத்துவிட்டு இன்டேக்குக்குள் புகையை அனுப்பினார். கை நுழையாத ஒரு மூலையிலிருந்து மெல்லியதாக நெளிந்து வந்தது. பிசிவி வால்வுக்குப் போகும் ரப்பர் குழாய், முட்டி மடங்கும் இடத்தில் வெடித்திருந்தது. "புகை போட்டுத்தாம்மா கண்டுபிடிச்சாங்க" என்று போனில் சொன்னேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, வெள்ளிக்கிழமை போட்டிருந்தா இன்னும் நல்லது" என்றார் அம்மா.

குழாயை மாற்றியதும் முள் 700-ல் நின்றது. கியர் மட்டும் உதைத்தது.

எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டபடியே பாய் கியர் ஆயில் குச்சியை உருவினார். நுனியில் மட்டும் சிவப்பு. முகர்ந்தார். "கருகல் வாடை இல்ல. லீக்கும் இல்ல. ஆனா ஒரு லிட்டர் கம்மி. பம்பு காத்தையும் சேர்த்து உறிஞ்சுது, அப்புறம் எப்படி பிரஷர் நிக்கும்? கியர் ஆயில்ல யாராச்சும் கை வெச்சீங்களா?"

"முன்னாடி ஓனரா இருக்கும்" என்றேன்.

"எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு அளந்திருக்கான். நின்ன வண்டில கன்வெர்ட்டர்ல இருக்கிற ஆயில் கீழ பேன்ல இறங்கி, ஜாஸ்தி இருக்கிற மாதிரி காட்டும். அதை நம்பி உறிஞ்சி எடுத்திருக்கான், மடையன்."

நானும் சேர்ந்து திட்டினேன். ரெண்டு மாசத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எஞ்சின் ஆயில் பார்க்கிற மாதிரியே பார்த்துவிட்டு, ஊசிக்குழாயால் உறிஞ்சியெடுத்த காட்சி கண்முன் ஓடியது. சில கம்பெனி வண்டிகளில் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது என் தரப்பு வாதம். அந்தக் கம்பெனி வண்டி என்னிடம் இல்லை.

ஆயிலை ஊற்றி, வண்டியை வீடுவரை பாயே ஓட்டிவந்தார். இரண்டு, மூன்று, நான்கு, வெண்ணெய் மாதிரி விழுந்தது. வாசலில் என் மனைவி விடவில்லை.

"வெயில்ல வந்திருக்கீங்க பாய், ஒரு ரோஸ்மில்க் குடிச்சிட்டுப் போங்க. ஸ்டோர் ரூம்ல இவர் எசன்ஸ் வாங்கி வெச்சிருக்கார்" என்று, ஒரு லிட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு குலுக்குக் குலுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பால் வேணாம்மா" என்றார்.