எச்சரிக்கை யாருக்கு?

கேள்வி: ஷிப்ட் பட்டியலில் குளறுபடி வந்தால் கணினியே எச்சரிக்க ஏற்பாடு செய்கிறோம். யாருக்கு அனுப்பலாம்? (ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி சிப்காட்)

பதில்: மேலாளருக்கு அனுப்பும் அதே நொடியில் தொழிலாளிக்கும். தூக்கம் கெடுவது அவருக்குத்தானே! வேலை நேரத்தைத் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்டச் சொன்னது 1948 தொழிற்சாலைகள் சட்டம். வாரத்துக்கு 48 மணி நேரம், மிஞ்சினால் இரட்டைச் சம்பளம் என்றும் வகுத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட திருத்தத்தையே எதிர்ப்பு எழுந்ததும் தமிழக அரசு திரும்பப் பெற்றது. காலை ஆறுக்கு நைட் ஷிப்ட் முடிப்பவர் பெயரை அன்றே மதியம் இரண்டுக்கும் போட்டால், பட்டியல் வெளியாகும் முன்பே மணி அடிக்க வேண்டும். 'ஆள் வரவில்லை, டபுள் டூட்டிதான் வழி' என்பீர்கள். திடீர் விடுப்புக்கு அது சரி. வாராவாரம் என்றால் ஆள் எடுப்பதே வழி. வடமாநிலத்தவர் நிறைந்த பேட்டை உங்களுடையது. எச்சரிக்கையை இந்தியிலும் ஒடியாவிலும் அனுப்புங்கள்.