ஆள் மாறினார், சின்னம் மாறவில்லை

2024 மார்ச்சில் தி.மு.க. கூட்டணியின் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி, நாமக்கல் மக்களவைத் தொகுதிக்குச் சூரியமூர்த்தியை வேட்பாளராக அறிவித்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்பவர்களை மிரட்டி அவர் பேசிய பழைய வீடியோ பரவியது. உடனே அவருக்குப் பதில் மாதேஸ்வரன் வந்தார், உதயசூரியனில் ஜெயித்தார். வீடியோ வரும்வரை அந்தப் பேச்சு கூட்டணியில் யார் காதிலும் விழவில்லையாம்! நம்புவோம்.

எங்கள் திருப்பூர் நல்லூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் ஓட்டை பீஸை ஒதுக்குவார்கள். அதே ரோலில் வெட்டிய மற்றதையும் புரட்டிப் பார்ப்பார்கள். கட்சிகளுக்கு ஒரு பீஸ் போதும். அந்தப் பேச்சைப் பற்றிக் கேட்டால், “அதான் ஆளை மாத்திட்டோம்ல, விடுங்கண்ணா!”

சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக உடுமலை சங்கர் பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்ட் அருகே வெட்டிக் கொல்லப்பட்டது 2016 மார்ச்சில், இதே திருப்பூர் மாவட்டத்தில். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அதைப் பற்றியும் கேளுங்கள்.