உடைச்சா செலவு, சேந்தா வரவு

லேய் மக்கா, ட்யூசன் பையத் தாழ வை. 'பாட்டா, பிணைப்ப உடைச்சா சக்தி வெடிச்சுக் கெளம்பும்'னு திண்ணையில நின்னு அளந்தியே, எந்த வாத்தியாரு சொல்லித் தந்தாரு? நீயே கண்டுபிடிச்சதுன்னா சொல்லு, நோபல் பரிசுக்காரனுக்கு ஒரு கார்டு போட்டிருதேன்.

ஒங்க சித்தப்பன் கல்யாணத்த நெனச்சுப் பாரு. சேரும்போது நம்ம வீட்டுக்குப் பவுனு வந்து, பைக்கு வந்து. பிரியணும்னு ரெண்டும் கோர்ட்டுக்கு நடந்தப்ப வக்கீலு வீட்டுக்குப் போனது நம்ம வயலு. அணுவும் அதே கணக்குதான். சீதனம் கேக்குற வெக்கங்கெட்ட பழக்கம் மட்டும் அதுக்குக் கெடையாது.

ஆரல்வாய்மொழி தாண்டி, மகேந்திரகிரியில இஸ்ரோக்காரன் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதிக்கானே, கேட்டிருக்கியா? மைனஸ் 253 டிகிரியில திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183ல திரவ ஆக்சிஜன், ரெண்டும் சேந்து எரியுது. 2025 ஜனவரியில இஸ்ரோ தலைவரானாரே நம்ம மேலகாட்டுவிளை நாராயணன், அவரு மண்டைய ஒடச்சதெல்லாம் இந்த எஞ்சினுக்குத்தான். 2014 ஜனவரி 5ல ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட்டு போனப்பதான் நம்ம சொந்த கிரையோஜெனிக் எஞ்சின் முதல்ல ஒழுங்கா ஓடிச்சு.

பேனாவ எடு. 4 கிராம் ஹைட்ரஜன், 32 கிராம் ஆக்சிஜன். ஹைட்ரஜன் ஜோடியப் பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல், ரெண்டு மோலுக்கு 872. ஆக்சிஜன் ஜோடிக்கு 498. ஆக 1370 கைய விட்டுப் போச்சு, இன்னும் நயா பைசா வரல்ல. பொறவு நாலு ஓ-ஹெச் பிணைப்பு ஒட்டுது, ஒண்ணுக்கு 463. மொத்தம் 1852 வந்து விழுது. கழி... வெரல விட்டு எண்ணாதல, சவமே! 482. ஒன்றரை லிட்டர் பச்சத் தண்ணிய சுக்காப்பிக்குக் கொதிக்க வைக்கக் காணும். இந்தச் சூடு ஹைட்ரஜன் பிரிஞ்சதுல வரல்ல, நீராவியாச் சேந்ததுல வந்தது.

ரெண்டையும் சும்மா கலந்து வச்சா அப்படியே கெடக்கும். முதச் செலவுக்கு ஒரு பொறி வேணும். அது விழுந்துட்டா, வாற வரவே அடுத்தவனுக்கு முதலு.

'அப்ப அக்கானிக் கலயத்துக்குப் பாட்டி நீத்துற சுண்ணாம்பு தீயில்லாமக் கொதிக்கே?' நல்ல கேள்விதான், ஆளத் தெரியாம கேட்டுட்ட. சூளையில சிப்பியச் சுட்டு, கரியமில வாயுவப் பிரிச்செடுக்க மோலுக்கு 178 கிலோஜூல் தின்னுச்சுல்லா? தண்ணியோட சேந்ததும் அதுல 65 ஒடனே திரும்புது. பாக்கி 113? சொவத்துல பூசின சுண்ணாம்பு, காத்துல இருந்து கரியமில வாயுவ மெல்ல மெல்ல வாங்கி, கல்லா எறுகும்போது குடுத்துரும். அவசரமே படாது. ஒன் அப்பன் எங்கிட்ட வாங்குன கடனு மாதிரி இல்ல, முழுசா வந்து சேந்துரும்.

சக்தி வெளிய வந்தா டெல்டா ஹெச்சுங்கிற சக்திக் கணக்குக்கு மைனஸ் போடணும், கேட்டியா? நேத்து பரிட்சையில நீ பிளஸ் போட்டு வச்சிருக்கியாம். ஒன் கணக்குப்படி எஞ்சினைத் தட்டினா மகேந்திரகிரியே பனிக்கட்டியாப் போகும். ஓடு, பாட்டிகிட்ட கம்பளி இருந்தா ரெண்டு வாங்கிட்டு வா.