தாம்பூலத் தட்டும் சால்வையும்

அந்தத் தாம்பாளம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பித்தளைத் தட்டு. விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருக்கும். 1979-ல் எனக்குப் பத்து வயது. அந்த மாசி மாதம், அப்பாவோடும் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரோடும் தென்பெண்ணை மணலில் நடந்து அக்கரைக்குப் போனேன். தட்டைச் சுமந்தது நான். ஒரு கவுளி வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம், அதன்மேல் 101 ரூபாய். கூத்து வாத்தியாருக்குத் தாம்பூலம் வைக்கப் போகிறோம்.

மணலூர்பேட்டை பக்கத்துக் கிராமங்களில் அப்போதெல்லாம் மாசி வந்தால் இதுதான் பேச்சு. எந்த ஊரில் பாரதம் வைக்கிறார்கள், எந்த ஜமாவைக் கூப்பிடுகிறார்கள், துரியோதனன் வேஷம் யார். வில்லிபாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்த திருமுனைப்பாடி நாடு எங்கள் சீமை. பிற்பகலில் திரௌபதி அம்மன் கோயில் பந்தலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. அதைக் கலை என்று யாரும் சொன்னதில்லை. பாரதம் வைத்தால் மழை பெய்யும், பாரதம் வைத்தால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அர்ஜுனன் தபசு அன்றைக்குத் தபசு மரத்தின் உச்சியிலிருந்து வாத்தியார் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பெண்கள் ஈரச்சேலையோடு மடியேந்தி உட்கார்ந்திருப்பார்கள்.

வாத்தியார் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அப்பாவைவிட அவருக்குப் பத்து வயதாவது கூடுதல் இருக்கும்.

“வாத்தியாரே, பங்குனியில பாரதம் வெச்சிருக்கோம். பத்து ராத்திரி. நீதான் வந்து ஆடணும்” என்றார் அப்பா.

வாத்தியார் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டினார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “தட்டு வாங்கிட்டேன் சாமி. இனிமே சொல்லு மாறாது” என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். அதற்குப் பிறகு வேறு ஊரிலிருந்து இரட்டைப் பணத்தோடு வந்தாலும் அந்தப் பத்து ராத்திரியும் எங்களுடையது. அந்த வயதிலேயே எனக்கு ஒன்று உறுத்தியது. வாத்தியாரே என்று கூப்பிட்ட அதே வாயில், அதே மூச்சில், நீ என்றும் வந்தது.

பதினெட்டாம் போர் அன்று வாத்தியாருக்குத் துரியோதனன் வேஷம். பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூடத் திண்ணைக்கு ஓடினேன். அங்கேதான் வேஷம் கட்டுவார்கள். வாத்தியார் பாயில் சம்மணம் போட்டு, கையகலக் கண்ணாடியை முட்டியில் சாய்த்து வைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்த சிவப்பை முகம் முழுக்கப் பூசினார். பிறகு ஈர்க்குச்சியில் வெள்ளையைத் தொட்டு, புருவத்துக்கு மேலே புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். கை நடுங்கவில்லை. பக்கத்தில் கிருஷ்ணனுக்குப் பச்சை ஏறிக்கொண்டிருந்தது. சுவரோரம் கட்டைகள்: கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, காகிதப் பொன் ஒட்டி, கண்ணாடிச் சில்லு பதித்தவை. கிரீடத்தைத் தொடப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார். “குளிச்சிட்டுத்தான் தொடணும் கண்ணு. உள்ள ராஜா இருக்கான்.”

வேஷம் கட்டி முடிக்க மூன்று மணி நேரமானது. அதற்குள் முகவீணை கத்த ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேர் திரைச்சீலையைப் பிடித்தார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய கால். நடுவில் இருப்பவனைக் காட்டாமலே அரை மணி நேரம் பாடினார். கட்டியக்காரன் கேள்வி கேட்கிறான், திரைக்குள்ளிருந்து விருத்தத்தில் பதில் வருகிறது. திரை விலகியபோது ஆயிரம் பேர் மூச்சை இழுத்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. என் அப்பா, ஊரில் யாருக்கும் எழுந்திராதவர், எழுந்து நின்றார்.

விடிந்து படுகளம். மண்ணால் பிடித்த ராட்சத துரியோதனன் கிடந்த கிடையின் மேலே வாத்தியார் ஆடி விழுந்தார். எல்லாம் முடிந்து, முகச்சாயம் பாதி கலைந்த நிலையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வந்தார். மாட்டுக்கொட்டகைச் சார்ப்பில் ஒரு அலுமினியக் குவளை செருகியிருக்கும். அவருக்கென்று தனியாக. அதை அவரே எடுத்துக் கழுவி நீட்டினார். அம்மா உயரத்திலிருந்து கஞ்சி ஊற்றினாள். குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுப் போனார். முன்திண்ணை காலியாக இருந்தது. ராத்திரி அந்த மனிதனுக்கு எழுந்து நின்ற என் அப்பா, காலையில் அந்தத் திண்ணையில் அவரை உட்காரச் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் செய்த அந்தக் குற்றத்தை இத்தனை வருஷம் கழித்தாவது எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அன்று நான் தென்னார்க்காடு மாவட்டத்துப் பையன். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் என்று முகவரி எழுதினேன். 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மாவட்டம் சிறிதானதில் ஒரு நன்மை உண்டு. தலைநகர் பக்கத்தில் வந்துவிட்டது. கலைஞர்களைத் தேடிக் கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்கிற குரலும் பக்கத்தில் வந்துவிட்டது.

2025 மாசியில் எங்கள் பக்கத்துக் கலைஞர்களின் பட்டியல் எடுக்க நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். ஒரு கவுன்சிலர், ஒரு தலைமையாசிரியர், திருவிழா நடத்திப் பழகிய ஒரு பெரியவர், மகளிர் குழுத் தலைவி ஒரு அக்கா, நான். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்களுக்கு அட்டை வாங்கித் தர வேண்டும். மாவட்டக் கலை மன்ற விருதுகள் இருக்கின்றன. வயதுக்கேற்ப கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி. தகுதியுள்ளவர்களை விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் வேலை.

நான்கு நாள் நடந்தோம். தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து எங்கள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது முன்னால் போகிற மேளம், பம்பை, உடுக்கை, பறை என்று வாசிக்கிறவர்களைத் தெருத்தெருவாகப் பார்த்தோம். நாதஸ்வரக்காரர் ஒருவர் பகலில் ஆட்டோ ஓட்டுகிறார். களிமண் குதிரை செய்த குயவர் வீட்டுப் பையன் பிளெக்ஸ் பேனர் வடிவமைக்கிறான். அவன் போடுகிற குதிரைக்கும் தாத்தா பிடித்த குதிரைக்கும் கழுத்து வளைவு ஒன்றுதான். பின்பாட்டுக்காரர் மகன் ஒலி-ஒளி அமைப்பு வைத்திருக்கிறான். கல்யாண வீடியோ எடுக்கிற பெண் ஒருத்தி, தன் பாட்டி பாடிய ஒப்பாரியையெல்லாம் போனில் பதிந்து வைத்திருக்கிறாள். தலைமையாசிரியர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். “கலை அழிஞ்சி போச்சின்னு நாமதான் சொல்றோம் சார். வேற சட்டை போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயேதான் இருக்கு” என்றார்.

கடைசியாக அக்கரை. வாத்தியார் காலமாகி வெகுநாளாயிற்று. மகன் ஆடுகிறார். அவருக்கே அறுபது இருக்கும். பீரோவைத் திறந்து காட்டினார். உறை பிரிக்காத சால்வைகள். சுவரில் சான்றிதழ்கள். மேடையில் அவரை இப்போது ‘அவர்களே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரமுகர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிறார்கள். என் கண் நிறைந்தது. அலுமினியக் குவளையை அறிந்தவனுக்குத்தான் அந்த நாற்காலியின் அருமை தெரியும்.

“சால்வை இருபத்தேழு இருக்குங்க” என்றார் அவர். “போன வருஷம் முழு ராத்திரி ஆடுனது ஒம்பது. ஒரு விழாவுல பத்து நிமிஷம் குடுத்தாங்க. வேஷம் கட்ட மூணு மணி நேரம். திரை விலகி நான் யாருன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க.”

யாரும் பேசவில்லை. நான்கு நாளாக நாங்கள் எடுத்த பட்டியலில் பெயர் இருந்தது, வயது இருந்தது, அட்டை எண் இருந்தது. எத்தனை ராத்திரி ஆடினீர்கள் என்ற கேள்வி இல்லை. அன்று நாங்கள் கலைக்கு ராத்திரி முழுவதையும் கொடுத்தோம், கலைஞனுக்குத் திண்ணையைக் கொடுக்கவில்லை. இன்று கலைஞனுக்கு மேடையைக் கொடுத்துவிட்டு, கலைக்குப் பத்து நிமிஷம் கொடுக்கிறோம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜம்பை. 1981-ல் அங்கே ஒரு குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி சமணத் துறவியருக்கு உறைவிடம் கொடுத்த செய்தி. கொடுத்தவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது. அந்த எழுத்தைப் பாறையில் வெட்டியவன் பெயர் இல்லை. நாம் இன்று பட்டியல் போட்டு, வெட்டியவன் பெயரையும் எழுதுகிறோம். அது பெரிய நியாயம். ஆனால் அவன் வெட்டுவதற்குப் பாறையும் கொடுக்க வேண்டும். கூத்துக்காரனுக்குப் பாறை என்பது ராத்திரிதான்.

இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை கூத்தைக் கைவிடவில்லை. 1977-ல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி கண்ணப்பத் தம்பிரானிடம்தான் போய் நின்றார். பாரிஸில் அரியான் முனுஷ்கினின் நாடகக் குழு 2016-ல் அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்காக, பிரெஞ்சு நடிகர்கள் கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தத் தம்பிரானிடம் அடவு கற்றார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கிரீடம் வைத்து ஆடினார்கள். பாரிஸ்காரன் மாதக்கணக்கில் உட்கார்ந்து கற்றதற்கு, நம்மால் ஒரு முழு ராத்திரி உட்கார முடியாதா?

அன்று அக்கரையிலிருந்து கிளம்பும்போது வாத்தியார் மகன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்த வெள்ளம் அந்த வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. பெட்டிக்குள் அப்பாவின் கிரீடம். பசை விட்டு, பொன் காகிதம் உரிந்து, கண்ணாடிச் சில்லெல்லாம் அடியில் கிடந்தன. மரம் ஊறி வெடித்திருந்தது. 1979-ல் நான் தொட முடியாத கிரீடம். அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்தச் சித்திரையில் கிரீடத்தை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனோம். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்புகார் நிறுவனம் 2013-ல் விண்ணப்பித்தது. விநாயகரும் தசாவதாரமும் கதவு நிலைகளும் இங்கிருந்து ஊர் ஊராகப் போகின்றன. சிற்பி ஒருவர், உளியையும் கொட்டாப்புளியையும் கீழே வைத்துவிட்டு, கிரீடத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார். முகர்ந்தார். வெடிப்பில் நகத்தை விட்டுக் கீறினார்.

“கல்யாண முருங்கை. இதுல நான் வேலை செஞ்சதில்ல. நாங்க செய்யறது பூஜையறையில நிக்கணும், கனம் வேணும். இது தலையில ராத்திரி பூரா ஆடணும். தேக்குல செஞ்சா கழுத்து முறிஞ்சிடும்” என்றார். பிறகு கூத்துக்காரரைப் பார்த்து, “எங்க அழுத்தும் அண்ணே, நெத்தியிலயா பொடனியிலயா?” என்று கேட்டார். ஒரே மாவட்டத்தில் இரண்டு மரக்கலைக்காரர்கள். இத்தனை காலம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அந்த மத்தியானம் முழுக்க இருவரும் கழுத்தையும் மரத்தையும் பற்றியே பேசினார்கள். உள்ளூர்த் தலைவர்கள் என்று எங்களைச் சொல்கிறார்களே, நாங்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று எனக்கு அன்று தெளிவானது. இவரையும் அவரையும் ஒரே பாயில் உட்கார வைப்பது.

இந்தத் தை மாதம் அதே தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கினேன். மூன்று ராத்திரி, முழு ராத்திரி: துகில், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். ஆளுக்கு இவ்வளவு என்று கூலியை அக்கா முன்கூட்டியே பேசி, நோட்டில் எழுதி வைத்துவிட்டாள். மேடையில் பேச்சு கிடையாது, சால்வை கிடையாது என்று கவுன்சிலரே சொன்னார். ஆற்றில் தண்ணீர் ஓடியதால் பாலம் சுற்றி அக்கரைக்குப் போனோம். இந்த முறையும் தட்டைச் சுமந்தது நான்தான்.

“உள்ள வாங்க” என்றார் வாத்தியார் மகன். போனோம். பாய் விரித்தார்கள். காபி வந்தது, எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில். மூலையில் புதுக் கிரீடம் துணி போர்த்தி இருந்தது.

“பங்குனியில மூணு ராத்திரிங்க. நீங்கதான் வந்து ஆடணும்” என்றேன். சொல்லும்போது குரல் கம்மியது.

அவர் கை நீட்டவில்லை. உள்பக்கம் பார்த்து, “வாம்மா” என்றார். கல்லூரியில் படிக்கிற பேத்தி வந்தாள். கையைக் கழுவியிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “துகில் அன்னிக்கு நான்தான் திரௌபதி. முழுசா உக்காந்து பார்ப்பீங்களா?” என்று எங்கள் ஐந்து பேரையும் பார்த்துக் கேட்டாள்.

பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறோம். அவள் தட்டு வாங்கிவிட்டாள். இனி எங்கள் சொல்தான் மாறக் கூடாது.